ஸ்டீம்பங்க் ஏன் இப்படி இழுக்கிறது?

மைக்கூடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் பொழுதுபோக்காகப் படக்கதை வரைகிறவள். சில மாதங்களாக ஒரு ஸ்டீம்பங்க் நகரத்தை, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சாயலில் நீராவி எந்திரங்களால் இயங்கும் ஒரு கற்பனை நகரத்தை, வரைந்துகொண்டிருக்கிறேன். நகரத்தின் நடுவில் ஒரு பெரிய நூலகம். அலமாரிகள் ஏழு மாடி உயரத்துக்கு வட்டமாக நிற்கின்றன. கேட்ட புத்தகத்தை எடுத்து வர, தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்னப் பித்தளை வண்டி இருக்கிறது. மேலே கண்ணாடிக் குவிமாடம், அதன் உச்சியில் கட்டிப்போட்ட ஒரு வான்கப்பல். வரைய உட்கார்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை.

ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நீ வாழாத காலம், உனக்குச் சம்பந்தமில்லாத ஊர், இன்றைக்கு எவரும் பயன்படுத்தாத எந்திரம், இதில் உனக்கு என்ன இருக்கிறது என்று. விண்வெளிக் கதை பிடிக்கும் என்று சொல்கிறவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. பித்தளையும் நீராவியும் பிடிக்கும் என்றால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு இது ஏன் பிடிக்கிறது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஸ்டீம்பங்க் படங்களில் பாதிக்கு மேல் தொப்பியில் ஒட்டிய பல்சக்கரம்தான். எதையும் சுற்றாது, இன்னொரு சக்கரத்தோடு பல் கோக்காது, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். என் கதை அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். என் நூலகத்து வண்டி எந்தச் சக்தியில் ஓடுகிறது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பழையபக்கம் எழுதியது:

முதலில் கொஞ்சம் வரலாறு, எந்திர விஷயத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். இந்தப் பெயர் 1987 ஏப்ரலில் வந்தது. 'லோகஸ்' என்ற அறிவியல் புனைவு இதழுக்கு கே. டபிள்யூ. ஜீட்டர் எழுதிய கடிதத்தில் இருந்தது. அவரும் டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் ஆகிய இருவரும் விக்டோரியா காலத்தை வைத்து விசித்திரக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கணினி ஆளும் எதிர்காலத்தைச் சொல்லும் சைபர்பங்க் கதைகள் சூடாகப் பேசப்பட்ட நேரம். அதன் ஜாடையில் விளையாட்டாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

தோற்றம் பெயரைவிடப் பழையது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1870இல் புத்தகமாக்கிய கதையில் நாட்டிலஸ் நீர்மூழ்கி ஓடுவது மின்சாரத்தில். நீராவிக்கு அங்கே வேலையே இல்லை. அந்தக் கதையை டிஸ்னி 1954இல் படமாக்கியபோது, ஹார்ப்பர் காஃப் என்ற வடிவமைப்பாளர் அந்தக் கப்பலுக்கு ரிவெட் அடித்த இரும்புத் தோலையும் முதுகில் ரம்பப் பற்களையும் பிதுங்கிய கண்ணாடி ஜன்னல்களையும் கொடுத்தார். இன்றைக்கு ஒரு படத்தைப் பார்த்ததும் "இது ஸ்டீம்பங்க்" என்று நமக்குத் தோன்றுகிறதே, அந்த அடையாளத்தில் பெரும்பங்கு அவர் கைவண்ணம்.

எனக்கு இது ஏன் பிடிக்கும் என்றால், ஒரே ஒரு எந்திரத்தைக் காட்டுவேன். ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் 1840களின் கடைசியில் இரண்டாவது டிஃபரன்ஸ் எஞ்சினை வரைந்து முடித்தார். கணித அட்டவணைகளைத் தானே கணக்கிட்டு அச்சுக்கும் தயார் செய்யும் எந்திரம். அவருடைய முதல் எஞ்சினுக்கு அரசு 17,000 பவுண்டுக்கு மேல் கொட்டியிருந்தது. உதிரிபாகங்களைச் செய்து கொடுத்த ஜோசப் கிளமென்ட்டோடு அவருக்குச் சண்டை வந்து வேலை நின்றது. 1842இல் அரசு கையை விரித்துவிட்டது. அதனால் இரண்டாவது எந்திரம் தாளோடு தூங்கிவிட்டது.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவர் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்த 1991இல் அந்த வரைபடங்களை வைத்து அதைக் கட்டியது. அவர் காலத்துப் பட்டறையால் எட்டக்கூடிய துல்லியத்துக்கு மேல் போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்கள். எந்திரம் ஓடியது. 31 இலக்கம் வரை பிழையில்லாமல் கணக்குப் போட்டது. கைப்பிடியைச் சுற்றும்போது அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: ஒரு இடத்தில் எண் ஒன்பதைத் தாண்டினால் அடுத்த இடத்துக்கு ஒன்றைத் தள்ளிவிடும் கைகள், சுருள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று போகும். அலை எழும்புவது மாதிரியே இருக்கும்.

பணமும் மனஸ்தாபமும் தடுத்ததே தவிர இயற்கை தடுக்கவில்லை. நடந்திருக்கக்கூடிய ஒன்று மயிரிழையில் நடக்காமல் போயிருக்கிறது. அந்த இடைவெளியில் கதை எழுத இடம் இருக்கிறது, அதுதான் என்னை இழுக்கிறது.

கேஜ்கிளாஸ் எழுதியது:

நான் பாய்லர் ஹவுஸில், அதாவது தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவி எடுக்கும் கொதிகலன் கூடத்தில், வேலை பார்க்கிறவன். ஷிப்ட் முழுக்க நீராவியோடுதான் இருக்கிறேன், வீட்டுக்கு வந்தால் ஸ்டீம்பங்க் கதை படிக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைக்கூடு, "எவரும் பயன்படுத்தாத எந்திரம்" என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு ஒன்றைச் சொல்லுங்கள். உலகத்து மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றைக்கும் நீராவியில்தான் பிறக்கிறது. அனல்மின் நிலையம் கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது. அணுமின் நிலையம் யுரேனியத்தைப் பிளந்து, அதே தண்ணீரைத்தான் கொதிக்கவைக்கிறது. நீராவிக் காலம் முடியவே இல்லை.

அப்படியென்றால் அனல்மின் நிலையத்தை ஏன் யாரும் ஆசை ஆசையாக வரைவதில்லை? இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். 1884இல் சார்லஸ் பார்சன்ஸ், பிஸ்டன் இல்லாமல் நீராவியே தகடுகளைத் தள்ளிச் சுழற்றும் நீராவி டர்பைனைச் செய்தார். 1897இல் விக்டோரியா ராணியின் வைரவிழாவுக்காகக் கடற்படைக் கப்பல்கள் வரிசைகட்டி நின்றபோது, டர்பைன் பொருத்திய தன் சின்னக் கப்பலான டர்பினியாவை அவற்றுக்கு நடுவே பறக்கவிட்டுக் காட்டினார். காவல் படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. எவ்வளவு பெரிய பாய்ச்சல் அது! ஆனால் அந்தப் பாய்ச்சலோடு எந்திரம் உறைக்குள் போய்விட்டது. டர்பைன் பக்கத்தில் நின்றால் வழுவழுப்பான ஒரு இரும்பு உறையும் ஒரே சீரான ரீங்காரமும்தான். உள்ளே நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடிக்கொண்டிருக்கும், வெளியே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டீம்பங்க் என்ன செய்கிறது என்றால், அந்த உறையை மூடுவதற்கு முன்னால் வரலாற்றைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. பிஸ்டன் போய் வருவதும் கிராங்க் சுற்றுவதும் வால்வு திறப்பதும் எல்லாம் வெளியே. எது எதை இழுக்கிறது என்று ஒரு குழந்தையால்கூட விரலை வைத்துத் தொடர்ந்து போக முடியும். எனக்கு அதுதான் ஈர்ப்பு. விக்டோரியா காலத்து உடுப்பும் தொப்பியும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

பழைய ஆலை எஞ்சின் ஒன்றை ஓட்டிக் காட்டும்போது அதன் கவர்னரை, அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். செங்குத்தான ஒரு தண்டு, அதன் தலையில் இரண்டு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு இரும்புக் குண்டு. எஞ்சின் வேகம் எடுத்தால் குண்டுகள் விலகி மேலே எழும்பும். எழும்பும்போது தண்டில் இருக்கிற ஒரு வளையத்தைத் தூக்கும், வளையம் ஒரு நெம்புகோலை இழுக்கும், நெம்புகோல் நீராவி வால்வை லேசாக மூடும். வேகம் குறையும். பாரம் ஏறினால் குண்டுகள் தாழும், வால்வு திறக்கும். ஜேம்ஸ் வாட் 1788இல் இதைத் தன் எஞ்சினில் பொருத்தினார். காற்றாலைகளில் அதற்கு முன்பே இந்த மாதிரி ஏற்பாடு இருந்தது. இப்போது இதே வேலையை ஒரு மின்னணு அட்டை செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஆனால் அந்தக் குண்டுகள் எழும்பித் தாழும்போது, எந்திரம் தன்னைத்தானே அடக்கிக்கொள்வதை நேருக்கு நேர் பார்க்கிறோம். நான் அங்கே நின்ற நேரம் முழுக்க என் கண் அதைவிட்டு நகரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, என் தொழிலிலிருந்து வருவது. நீராவி எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஷிப்ட் மாறியதும் நான் முதலில் பார்ப்பது கேஜ் கிளாஸ். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. அதில் தண்ணீர் மட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் நின்றால் குழாயின் வழி அடைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். கண்ணாடி பாதிக்கு நிற்கிறது என்று காட்டும், உள்ளே தண்ணீர் எப்போதோ இறங்கியிருக்கும். தண்ணீர் விட்டு விலகிய உலோகம் நெருப்பில் பழுத்து இளகிவிடும். அந்த நிலையில் பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது, நெருப்பைத்தான் நிறுத்த வேண்டும். பழைய பாய்லர்களில் இதற்காகவே ஈயம் அல்லது வெள்ளீயம் ஊற்றி அடைத்த ஒரு அடைப்பான் இருக்கும். தண்ணீர் இறங்கினால் அது முதலில் உருகி, நீராவியை நெருப்பின் மேலேயே பீய்ச்சி ஆளை எச்சரிக்கும்.

பாருங்கள், இதில் எத்தனை கதை இருக்கிறது! ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஆடுகிறதா இல்லையா என்பதிலேயே ஒரு நகரத்தின் உயிர் தொங்கும். 1865 ஏப்ரல் 27 அன்று மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் பாய்லர்கள் வெடித்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். போர் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்கள்தான் பெரும்பாலும். நீராவியின் சக்தியை அனுபவித்த ஒவ்வொருவருக்கும் அதன் மேல் ஒரு பயமும் இருந்தது. அந்தப் பயம் இல்லாத ஸ்டீம்பங்க் கதை எனக்குச் சப்பென்று இருக்கும்.

வரைகிறவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகப் பொங்குவது, வெளியே வந்து குளிர்ந்து பொடித் துளிகளாகிவிட்ட தண்ணீர். அழுத்தம் மிகுந்த நீராவிக் குழாயில் ஓட்டை விழுந்தால், ஓட்டையை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஒன்றுமே தெரியாது, அதைத் தாண்டித்தான் வெள்ளை தொடங்கும். ஆளைக் கொல்வது அந்த ஒன்றும் தெரியாத இடம். கப்பல் எஞ்சின் அறைகளில் கசிவு தேடும்போது துடைப்பக் கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பார்கள் என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் படத்தில் குழாய்க்கும் வெண்மேகத்துக்கும் நடுவே அந்தக் காலி இடத்தை விட்டு வரையுங்கள். விஷயம் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் உங்களை நம்பிவிடுவார்.

வான்கப்பலும் அப்படித்தான். 1852 செப்டம்பர் 24 அன்று ஆன்றி ஜிஃபார் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீராவியிலேயே பறந்தார். தலைக்கு மேலே எரிவாயு நிறைத்த பெரிய பை, அடியில் தொங்கும் மேடையில் நெருப்பு எரிகிற பாய்லர். தீப்பொறி மேலே போகாமல் இருக்கப் புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தார். மூன்று குதிரைசக்தி எஞ்சின்தான், எதிர்க்காற்றில் திரும்பி வர அதற்குத் தெம்பில்லை. கவிழ்த்து வைத்த அந்தப் புகைபோக்கி ஒன்றை உங்கள் வான்கப்பலில் வரைந்தால் போதும், ஒட்டிவைத்த பல்சக்கரம் ஆயிரம் இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

உப்புக்காகிதம் எழுதியது:

கேஜ்கிளாஸ் எழுதியதை ரசித்துப் படித்தேன். உறை மூடும் முன் வரலாற்றை நிறுத்துவது என்பது அருமையான பார்வை. ஆனால் வரலாற்றை அங்கே நிறுத்தும்போது கூடவே வேறு என்னென்ன நின்றுகொள்கிறது என்பதையும் பேச வேண்டும்.

நீராவியை வைத்து வெர்ன் எழுதியது 1880இல் வந்த கதை. இந்தியாவில் நடக்கிறது. இரும்பால் செய்த ஒரு நீராவி யானை, சக்கரம் வைத்த இரண்டு சொகுசு வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியா முழுக்கப் போகிறது. துதிக்கையில் புகை. நினைத்தாலே படம் கண்ணில் ஓடும், எனக்கும் பிடித்த கற்பனைதான். ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்து ஊர் பார்ப்பவர்கள் ஐரோப்பியர்கள். 1857 கிளர்ச்சி நடந்து பத்து வருடம் கழிந்த காலம். கதையின் எதிரி, அந்தக் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான நானா சாகிப். இந்த மண்ணின் மக்களுக்கு அந்த யானையில் கிடைத்த இடம் வேலைக்காரர் இடம்தான். யானையை அண்ணாந்து பார்க்கும்போது அதன் ஜன்னலுக்குள் யார் என்றும் நான் பார்க்கிறேன்.

நிஜத்திலும் அதுதானே. சுரங்கத்தின் அடியில் கரி இழுத்த சிறுவர்களின் நிலைமை விசாரணை அறிக்கையாக வெளிவந்த பிறகுதான், 1842இல் பிரிட்டனில் எந்த வயதுப் பெண்களும், பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. 1876 முதல் 1878 வரை இந்தியாவில் பெரும்பஞ்சம். லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், தானியம் ரயிலேறி, துறைமுகத்தில் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. பளபளக்கும் அந்த எஞ்சின்கள் இதையும் இழுத்தன.

இதனால் ஸ்டீம்பங்க்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்திரம் யாருடையது, யாருக்காக ஓடுகிறது என்று கேட்கிற கதைகள் இந்த வகையில் இருக்கின்றன. வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து 1990இல் எழுதிய நாவலில் பாபேஜ் ஜெயித்துவிடுகிறார், கணினிக் காலம் நூறு வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது. வந்ததும் அரசாங்கம் குடிமக்களைப் பற்றிய விவரங்களை அந்த எந்திரத்தில் ஏற்றி வைத்துக்கொள்கிறது. பல்சக்கரத்தின் அழகும் அதன் நிழலும் ஒரே பக்கத்தில் இருக்கும். மைக்கூடு, உங்கள் நூலகத்தில் ஏழாவது மாடிப் புத்தகத்தைக் கேட்க யாருக்கு அனுமதி உண்டு? வண்டியைத் துடைப்பது யார்? இதற்குப் பதில் தெரிந்தால் உங்கள் கதை தானாக நகரும் என்று நினைக்கிறேன்.

மைக்கூடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கவிழ்த்த புகைபோக்கியை நேற்றிரவே வரைந்துவிட்டேன். உப்புக்காகிதம் கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. கதையில் வண்டியைத் துடைக்கும் ஒரு சிறுமியை ஓரமாக வரைந்திருந்தேன், இதுவரை அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. இப்போது அவளை நடுவில் கொண்டுவரலாம் என்று தோன்றுகிறது.

கேஜ்கிளாஸ் அண்ணா, ஒரு சந்தேகம். நூலகம் முழுக்கக் காகிதம். அங்கே நெருப்பும் பாய்லரும் எப்படி வைப்பது? வண்டிக்குள்ளேயே சின்ன எஞ்சின் வைத்தால் ஏழு மாடியும் புகையாகிவிடாதா? இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா, அல்லது வாசகர் கண்டுகொள்ள மாட்டார் என்று விட்டுவிடலாமா?

கேஜ்கிளாஸ் எழுதியது:

விட்டுவிடாதீர்கள் மைக்கூடு. இந்தச் சிக்கலைத் தீர்க்கிற வேலையில்தான் நல்ல ஸ்டீம்பங்க் பிறக்கிறது. அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது, அவர்கள் கண்டுபிடித்த வழிகள் கற்பனையை மிஞ்சும்.

பாய்லரை நூலகத்துக்குள் வைக்கவே வேண்டாம். தெரு தாண்டித் தனிக் கட்டடத்தில் வையுங்கள். சக்தியை மட்டும் கொண்டு வாருங்கள். ஆலைகளில் ஒரே எஞ்சின்தான் இருக்கும். கூரையை ஒட்டி ஒரு நீளத் தண்டு ஓடும், அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் சுற்றும். பார்க்க அழகு, ஆனால் நூலகத்துக்குச் சத்தம் அதிகம். பெல்ட்டில் கையோ தலைமுடியோ சிக்கினால் தப்பிப்பது கஷ்டம். அந்தச் சிறுமியை வைத்துக்கொண்டு இந்த வழியை நீங்கள் எடுத்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

நான் உங்களுக்குச் சொல்வது தண்ணீர். லண்டனில் 1883இலிருந்து ஒரு கம்பெனி தெருவுக்கு அடியில் குழாய் போட்டு, அழுத்தம் ஏற்றிய தண்ணீரைச் சக்தியாக விற்றது. நீராவி எஞ்சின்கள் தனியாக பம்ப் நிலையங்களில் இருந்தன. குழாய் வந்த கட்டடங்களில் லிஃப்ட்டும் பளுதூக்கியும் நாடக மேடைத் திரையும் அந்தத் தண்ணீரால் இயங்கின. குழாய்கள் சுமார் 180 மைல் நீளத்துக்குப் பரவியிருந்தன. 1977 வரைக்கும் அது ஓடியது என்றால் நம்ப முடிகிறதா? உங்கள் வண்டியை ஏழு மாடிக்கு ஏற்றி இறக்க இதுவே போதும். புகை, பொறி, சூடு எதுவும் இல்லை. கசிந்தால் மட்டும் புத்தகம் நனையும், அது உங்கள் கதைக்கு நல்ல ஆபத்து.

புத்தகம் கேட்கும் சீட்டை மேலே அனுப்பக் காற்றைப் பயன்படுத்துங்கள். பாரிஸில் 1866 முதல் 1984 வரை கடிதங்களை உருளைகளில் போட்டு, காற்றழுத்தத்தால் குழாய் வழியே ஊர் முழுக்க அனுப்பினார்கள். அதே பாரிஸில் 1880இலிருந்து தெருக் கடிகாரங்களையும் காற்றிலேயே ஓட்டினார்கள். மைய நிலையத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை காற்று ஒரு தள்ளு தள்ளும், ஊரில் இருக்கிற எல்லாக் கடிகார முள்ளும் ஒரே நேரத்தில் ஒரு நிமிடம் நகரும். 1910இல் சேன் ஆற்று வெள்ளம் மைய நிலையத்துக்குள் புகுந்தபோது ஊரே நேரத்தைத் தொலைத்தது. இதைவிட நல்ல ஸ்டீம்பங்க் காட்சியை நானோ நீங்களோ யோசித்து உருவாக்க முடியுமா?

உப்புக்காகிதம் சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன், பாய்லர் ஹவுஸ்காரனாக இன்னும் ஒன்றைச் சேர்க்கிறேன். டைட்டானிக்கில் 29 பாய்லர்கள், 159 உலைகள். நாளைக்கு 600 டன் அளவுக்குக் கரி. அத்தனையும் மனிதர்கள் மண்வெட்டியால் அள்ளிப் போட்டது. மேலே தளத்தில் இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தபோது கீழே அவர்கள் கொதிக்கும் வெக்கையில் நின்றார்கள். கப்பலைப் பற்றி எத்தனை படங்கள் வரைந்திருக்கிறார்கள், மேல்தளப் படிக்கட்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது. தெரு தாண்டி நீங்கள் வைக்கப்போகிற பாய்லர் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்று அந்தச் சிறுமிக்குத் தெரிய வேண்டும். அவளுடைய அண்ணனோ அப்பாவோ அங்கே கரி அள்ளலாம். வண்டி வேகம் குறைந்தால், அங்கே ஆள் சோர்ந்துவிட்டார் என்று அவளுக்கு மட்டும் புரியும். சக்திக்கு உடம்பு இருக்கிறது, அது களைக்கும் என்று காட்ட ஸ்டீம்பங்க்கால் முடிகிறது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிற கதையில் இதைக் காட்ட வழியே இல்லை.

பாய்லரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் நீராவிக் குழாயை வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதை மட்டமாக வரையாதீர்கள். நீராவி போகிற திசையில் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். போகிற வழியில் கொஞ்சம் குளிர்ந்து தண்ணீராகும், அந்தத் தண்ணீர் ஒரு மூலையில் சேர்ந்தால் பின்னால் வரும் நீராவி அதை உருட்டித் தள்ளி, வளைவில் கொண்டுபோய் மோதும். சம்மட்டியால் அடித்த மாதிரி டங் என்று குழாயே அதிரும். வளைவுகளில் உடைந்துபோன லைன்களைப் பார்த்தவன் நான். அதனால் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு சின்ன வால்வு வையுங்கள்.

பழையபக்கம் எழுதியது:

நடுவில் ஒரு சேதி. கண்ணால் பார்த்து வரைய மாதிரி வேண்டுமென்றால் இரண்டு இடங்களின் படங்களைத் தேடுங்கள். பாரிஸ் மெட்ரோவில் ஆர்ட் எ மெத்தியே நிலையத்தை 1994இல் பெல்ஜியப் படக்கதைக் கலைஞர் பிரான்சுவா ஸ்கைட்டன் வடிவமைத்தார். சுவர் முழுக்கச் செம்புத் தகடு, ரிவெட், நீர்மூழ்கியில் இருப்பதைப் போன்ற வட்ட ஜன்னல்கள், கூரையில் பெரிய பல்சக்கரங்கள். ஒரு படக்கதைக்காரர் செய்தது என்பதால் உங்களுக்கு அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். இன்னொன்று நாந்து நகரம், வெர்ன் பிறந்த ஊர். அங்கே 2007இலிருந்து 12 மீட்டர் உயரத்தில் மரமும் இரும்புமாக ஒரு எந்திர யானை ஆட்களை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறது. உப்புக்காகிதம், இந்த யானையில் யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கி ஏறலாம்.

உப்புக்காகிதம் எழுதியது:

அந்த யானையின் படங்களைப் பார்த்திருக்கிறேன். மூட்டுகள் மடிந்து பாதம் தரையில் பதிகிற இடத்தை யாரோ உட்கார்ந்து மணிக்கணக்கில் யோசித்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. எனக்கும் ஏற வேண்டும் என்று ஆசைதான்.

மைக்கூடு எழுதியது:

அண்ணா, வண்டி தண்ணீரில் ஏறுவது, சீட்டு காற்றில் போவது, இரண்டையும் எடுத்துக்கொண்டேன். சிறுமியின் அப்பா பாய்லர் கட்டடத்தில் வேலை செய்கிறார். வண்டியின் வேகத்தை வைத்து அவள் அப்பாவின் உடம்பு நிலையைக் கணிப்பாள், முதல் அத்தியாயமே அதுதான். ஒரே ஒரு விஷயம்: சாய்வு எவ்வளவு வைக்க வேண்டும்? என் படத்தில் அந்தக் குழாய் ஒரு தெருவைக் கடக்கிறது.

கேஜ்கிளாஸ் எழுதியது:

நூறு அடிக்கு ஒரு அடி இறங்கினால் தாராளம். கண்ணுக்கு மட்டம் போலத்தான் தெரியும், ஆனால் தெருவின் இரண்டு பக்கச் சுவரில் குழாய் நுழையும் உயரத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் புலப்பட வேண்டும். குழாய் மேல் தடிமனாக ஒரு சுற்று வரையுங்கள், சூடு வெளியே போகாமல் பொதிந்து வைத்திருப்பார்கள். தெரு நடுவில் தூண் கொடுத்தால் குழாயைத் தூணோடு இறுக்கிக் கட்டாதீர்கள். சூட்டில் நீளும், உருளை மேல் உட்காரவிட வேண்டும். நடுவில் எங்காவது ஒரு வளைவு போட்டால் அந்த நீட்சியைத் தாங்கிக்கொள்ளும். வரைந்து முடித்ததும் அந்தப் பக்கத்தை இங்கே போடுங்கள், வடிகால் வால்வு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.